ஐந்து நாளில் எட்டுத் தீவுகள் முடியுமா? ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் படகுப் பயணம்

2025 ஜனவரி 19 – ஒரு வாசகரின் கேள்வி

வரும் ஜூலையில் மனைவியுடனும் 10 வயது மகனுடனும் ஸ்டாக்ஹோம் வருகிறேன். வரைபடத்தில் தீவுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதுபோலத் தெரிகின்றன. ஐந்து நாட்களில் வாக்ஸ்ஹோல்ம், கிரிண்டா, ஸ்வார்ட்சோ, ஃபின்ஹாம்ன், மோயா, சாண்ட்ஹாம்ன், ஊட்டோ, லாண்ட்சோர்ட் ஆகிய எட்டையும் படகிலேயே பார்த்துவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறேன். அங்கே வசிப்பவர்கள் இது சரிதானா என்று சொல்ல வேண்டும்.

2025 ஜனவரி 19, இரவு – என் பதில்

முடியும். அங்கே ஓடும் வெள்ளைப் படகுகளில் பெரும்பாலானவை வாக்ஸ்ஹோல்ம்ஸ்போலாகெட் என்ற பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் படகுகள். 1869இல் தொடங்கிய அந்த நிறுவனம் இன்று ஸ்டாக்ஹோம் வட்டார நிர்வாகத்துக்குச் சொந்தமானது. தீவில் வசிப்பவர்கள் மளிகை வாங்கவும் மருத்துவரிடம் போகவும் பயன்படுத்தும் அதே படகில் நீங்களும் ஏறிக்கொள்ளலாம். அரண்மனைக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்ட்ரோம்கையென் துறையிலிருந்து புறப்பட்டு முதல் நாள் வாக்ஸ்ஹோல்மும் கிரிண்டாவும், இரண்டாம் நாள் ஸ்வார்ட்சோவும் ஃபின்ஹாம்னும், மூன்றாம் நாள் மோயா, நான்காம் நாள் சாண்ட்ஹாம்ன், ஐந்தாம் நாள் ஊட்டோவும் லாண்ட்சோர்ட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 20

நேற்று எழுதிய திட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். சென்ற கோடையின் கால அட்டவணையை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இன்று காலை பார்த்தேன்.

படகுத் தடங்கள் உள்ளங்கையிலிருந்து விரல்கள் பிரிவதுபோல நகரத்திலிருந்து கடலை நோக்கி விரிகின்றன. ஒரு விரலின் அடியிலிருந்து நுனிவரை போவது எளிது. ஒரு விரலிலிருந்து பக்கத்து விரலுக்குத் தாவுவதுதான் கடினம், ஏனென்றால் வடக்கு தெற்காகக் குறுக்கே போகும் படகுகள் மிகக் குறைவு. சாண்ட்ஹாம்னுக்கும் ஊட்டோவுக்கும் இடையே வரைபடத்தில் பெரிய தூரம் இல்லை. ஆனால் நேரடிப் படகு கிடைக்காத நாளில் சாண்ட்ஹாம்னிலிருந்து ஸ்தாவ்ஸ்நேஸ் துறைக்குப் படகு, அங்கிருந்து நகரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேருந்து, பிறகு வெஸ்தர்ஹானிங்கே வரை புறநகர் ரயில், அங்கிருந்து இன்னொரு பேருந்து, கடைசியாக ஓர்ஸ்தா துறையிலிருந்து மீண்டும் படகு என்று ஒரு பகல் முழுவதும் போய்விடும். லாண்ட்சோர்ட் தெற்குக் கோடியில் உள்ளது. அதற்கு நீனெஸ்ஹாம்ன் பக்கமாகச் சுற்றி வர வேண்டும். நான் எழுதிய ஐந்தாம் நாள் நடக்கவே நடக்காது.

ஆகவே என் திருத்திய ஆலோசனை இது: ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்கு மூன்று தீவுகள் போதும். நடுப்பகுதி என்றால் கிரிண்டா, இங்மார்சோ, ஃபின்ஹாம்ன். தென்பகுதி என்றால் ஊட்டோவும், அதனுடன் பாலத்தால் இணைந்த ஓலோவும், அவற்றை அடுத்து ரோனோ, நோட்டாரோ. எட்டுத் தீவுகளைப் பார்க்கப் போனவர் கடைசியில் எட்டு இறங்குதுறைகளைத்தான் பார்த்திருப்பார்.

2025 ஜனவரி 26

மூன்று தீவுகளுக்காக அவ்வளவு தூரம் வருவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலைக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன். அதற்கு முன்னால் அட்டவணையைப் படிப்பதில் உள்ள ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தவறினால் மற்ற ஆலோசனை எதுவும் பயன்படாது.

அட்டவணையில் உள்ளவை இறங்குதுறைகளின் பெயர்கள். கிரிண்டாவில் வடதுறையும் தென்துறையும் உண்டு, இங்மார்சோவிலும் அப்படியே. மோயாவில் பெர்க், லோங்விக், ராம்ஸ்மோரா என்று பல துறைகள் உள்ளன. காலையில் ஒரு துறையில் இறக்கிவிட்ட படகு மாலையில் அதே துறைக்கு வரும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் ஆண்டில் நானும் என் மனைவியும் இங்மார்சோவின் தென்துறையில் அமர்ந்து, எங்கள் படகு வடதுறையிலிருந்து புறப்பட்டுப் போகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று காட்டுவழியில் எவ்வளவு விரைந்திருந்தாலும் அதைப் பிடித்திருக்க முடியாது. அதன்பின் தீவின் பெயரையும் துறையின் பெயரையும் ஒரே தாளில் சேர்த்து எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கமாகிவிட்டது.

அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். கோடை அட்டவணை ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவோடு முடிந்துவிடும். அதன்பின் படகுகள் சட்டென்று குறைந்துவிடும்.

2025 பிப்ரவரி 9

படகு எல்லாத் துறைகளிலும் நிற்குமா என்று கேட்டவருக்கு: நிற்காது. இதுதான் எனக்கு இந்தப் பயணங்களில் மிகவும் பிடித்த பகுதி, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சிறு துறைகளில் பலகை மேடையின் ஓரத்தில் ஒரு கம்பமும் அதில் மடக்கி வைத்த வட்டத் தட்டும் இருக்கும். அதை செமஃபோர் என்பார்கள். படகில் ஏற விரும்புகிறவர் அந்தத் தட்டைக் கடலை நோக்கி நிமிர்த்திவிட வேண்டும். தூரத்தில் வரும் மாலுமி அதைக் கண்டால் துறைக்குத் திருப்புவார். காணாவிட்டால், இறங்குபவரும் இல்லையென்றால், நேராகப் போய்விடுவார். மின்னணுப் பலகையும் இல்லை, பொத்தானும் இல்லை. ஒரு மனிதர் தட்டை நிமிர்த்தினார் என்பதற்காக நூறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய கப்பல் திசை மாறி வருவதை முதன்முறை பார்த்தபோது என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. நமக்காகவா வருகிறது, அப்பா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

படகு துறையில் கயிறு கட்டி நிற்பதில்லை. முகப்பைப் பலகை மேடையில் அழுத்தியபடி இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டிருக்கும். பணியாளர் ஏணிப்பலகையை இறக்குவார். இறங்குபவர் இறங்கி, ஏறுபவர் ஏறி முடித்த உடனே பின்னோக்கி நகர்ந்துவிடும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடுவதால் பையை முன்கூட்டியே தோளில் மாட்டி நில்லுங்கள். இறங்க வேண்டியவர் ஏறும்போதே எந்தத் துறை என்று பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

2025 பிப்ரவரி 10

நேற்றைய குறிப்பில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. தட்டு பகலுக்கு மட்டும்தான். இருட்டிய பிறகு கைவிளக்கால் படகை நோக்கி ஒளிகாட்ட வேண்டும். இதை நான் அறிந்தது ஓர் அக்டோபர் மாலையில், ஸ்வார்ட்சோவில். தட்டை முறையாக நிமிர்த்திவிட்டு நம்பிக்கையோடு நின்றேன். படகின் விளக்குகள் எங்களைக் கடந்து போயின. அருகில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்து, இருட்டில் தட்டை யார் பார்ப்பார்கள் என்று மெதுவாகச் சொல்லி, அடுத்த படகுக்காகத் தம் கைவிளக்கையே தந்தார். ஜூலையில் வருபவருக்கு இது தேவைப்படாது; சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகும். இலையுதிர்காலத்தில் வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

2025 மார்ச் 2

மூன்று தீவுகள் எப்படிப் போதும் என்பதற்குப் பதில் சொல்வதாக எழுதியிருந்தேன். ஒரு நாளை மட்டும் முழுவதுமாகச் சொல்கிறேன்.

இங்மார்சோவில் காலையில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து, ஃபின்ஹாம்ன் தீவுக்குழுவுக்குப் போய்ச் சேரும் வழி ஒன்று உண்டு. பைன் மரங்களுக்கு அடியில் புளூபெர்ரிச் செடிகள் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்திருக்கும். ஜூலை பிற்பகுதி என்றால் பழம் பறித்துக்கொண்டே நடக்கலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பாதையின் முடிவில் குறுகிய நீரிணை ஒன்று குறுக்கிடுகிறது. அங்கே பாலம் இல்லை, படகோட்டியும் இல்லை. இரண்டு கரைகளிலும் துடுப்புப் படகுகள் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்து வலித்துப் போகலாம். ஒரே ஒரு விதி: நீங்கள் போன பிறகு இரண்டு கரையிலும் குறைந்தது ஒரு படகாவது இருக்க வேண்டும்.

நாங்கள் போனபோது எங்கள் கரையில் ஒரே ஒரு படகுதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பின்னால் வருபவருக்கு ஒன்றும் இருக்காது. என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, என் மகள் இது புலி, ஆடு, புல்லுக்கட்டுக் கணக்கு மாதிரி என்றாள். அப்படியேதான் இருந்தது. முதலில் எதிர்க்கரைக்கு வலித்துப் போக வேண்டும். அங்கிருக்கும் படகு ஒன்றைப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதை இந்தக் கரையில் கட்டிவிட்டு மூன்றாம் முறையாகக் கடக்க வேண்டும். வெறும் படகை இழுத்து வருவது பார்ப்பதற்கு எளிது. காற்று பக்கவாட்டில் அடித்தால் அது உங்களை ஒரு பக்கமும் தன்னை இன்னொரு பக்கமும் இழுக்கும். என் மனைவி துடுப்பு வலித்தாள், நான் கயிற்றைப் பிடித்திருந்தேன், மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் ஆனது.

மூன்றாம் முறை கடந்து இறங்கியபோது அந்தக் கரையில் ஒரு முதிய தம்பதி காத்திருந்தார்கள். நாங்கள் படகைக் கட்டிய விதத்தை அந்தப் பெரியவர் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முடிச்சை அவிழ்த்து, சரியான முறையில் மறுபடி கட்டி, என் மகளுக்குக் கற்றுக் கொடுத்தார். பெயர் தெரியாத யாரோ முந்திய நாள் எங்களுக்காக ஒரு படகை விட்டுப் போயிருந்தார். நாங்கள் பெயர் தெரியாத யாருக்கோ ஒன்றை விட்டு வந்தோம். எட்டுத் தீவுத் திட்டத்தில் இந்த அரை மணி நேரத்துக்கு இடமே இல்லை. அதனால்தான் மூன்று என்றேன்.

ஃபின்ஹாம்ன் என்ற பெயருக்கும் படகுக் கதை உண்டு. பின்லாந்திலிருந்து ஸ்டாக்ஹோமுக்குச் சரக்கேற்றி வந்த கப்பல்கள் இளைப்பாறி நின்ற துறை அது. ஃபின் மக்களின் துறை என்பதே பெயரின் பொருள்.

2025 மார்ச் 9

ஐந்து நாளெல்லாம் வீண், நகரத்திலிருந்து மூன்று மணி நேர உல்லாசப் படகில் சுற்றிவந்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில் கடுமையாகப் பதில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன்.

உள்தீவுகள், நடுத்தீவுகள், வெளித்தீவுகள் என்று மூன்று அடுக்காக இந்தக் கடல் அமைந்திருக்கிறது. மொத்தம் சுமார் 30,000 தீவுகளும் திட்டுகளும் பாறைகளும் என்பார்கள். மூன்று மணி நேரத்தில் உள்ளடுக்கை மட்டும்தான் தொட முடியும். அங்கே பச்சை மரங்களும் அழகான மரவீடுகளும் ஏராளம். படகு வெளியே போகப்போக மரங்கள் குட்டையாகி, பிறகு காற்றுக்கு வளைந்து, கடைசியில் வெறும் பாறை மட்டுமே மிஞ்சுகிறது. அந்த மாற்றத்தை ஒரே பயணத்தில் கண்ணால் காண்பதுதான் முழு அனுபவம்.

ஆனால் அழித்ததற்குக் காரணம் என் அம்மா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களுடன் தங்க வந்தபோது அவருக்கு 71 வயது, முழங்கால் வலி. பாறைமேல் நடப்பது நடக்காத காரியம். அவரை 1908இல் கட்டிய ஸ்டூர்ஷேர் என்ற நீராவிக் கப்பலில் வாக்ஸ்ஹோல்முக்கு அழைத்துப் போனேன். அது இன்னமும் தன் பழைய நீராவி எந்திரத்தில்தான் ஓடுகிறது. அதன் தோழமைக் கப்பல் நூர்ஷேர் 1910இல் கட்டியது. எந்திரத்தின் உருளைகள் ஏறி இறங்குவதை நடைவழியிலிருந்தே பார்க்கலாம். வாக்ஸ்ஹோல்மில் குஸ்தாவ் வாசா மன்னன் 16ஆம் நூற்றாண்டில் கடல்வழியைக் காக்க எழுப்பிய கோட்டை இருக்கிறது. அம்மா கோட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பும் வழி முழுவதும் எந்திரத்தின் அருகிலேயே நின்றார். அவருடைய தந்தை அரிசி ஆலையில் எந்திரம் பார்த்தவர். ஒரே நாள், ஒரே கப்பல், ஒரு தீவு. அது நிறைவான பயணம்தான். ஆகவே அந்த நண்பரிடம் என் வேறுபாடு சிறியது: உல்லாசப் படகுக்குப் பதில் வழக்கமான பயணப் படகில் போங்கள், எங்கேயாவது இறங்குங்கள்.

2025 ஏப்ரல் 6

கடல் என்றதும் நாம் நினைப்பவை பல இங்கே பொருந்தாது என்பதைக் குழந்தையோடு வருபவருக்குச் சொல்ல வேண்டும்.

அலையேற்றமும் இறக்கமும் ஏறத்தாழ இல்லை. அதனால்தான் துறைகள் நிலையான பலகை மேடைகளாகவே இருக்கின்றன. நீரின் உப்பும் மிகக் குறைவு. பெருங்கடலில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் என்றால் இங்கே 6 கிராம் அளவுதான். ஏரியில் வாழும் பைக்கும் பெர்ச்சும் கடல் மீனான ஹெர்ரிங்கும் ஒரே நீரில் பிடிபடும். ஹெர்ரிங்கைப் பால்டிக்கின் இந்தப் பகுதியில் ஸ்ட்ரோம்மிங் என்று தனிப்பெயரில் அழைக்கிறார்கள். மாவில் புரட்டி வெண்ணெயில் வறுத்துத் தருவார்கள்.

பாறைகளின் வடிவத்தையும் கவனியுங்கள். பனியுகத்தில் பனிப்பாளம் வடக்கிலிருந்து தெற்காக நகர்ந்ததால், வடபக்கம் யானை முதுகுபோல வழவழப்பாகச் சரிந்தும் தென்பக்கம் உடைந்து செங்குத்தாகவும் இருக்கும். நீரில் இறங்கக் குழந்தைக்கு ஏற்றது வழவழப்பான சரிவுதான். ஆனால் நீர்மட்டத்தை ஒட்டிய பாசி மிக வழுக்கும், உட்கார்ந்தபடியே இறங்கச் சொல்லுங்கள்.

அந்தப் பனிப்பாளத்தின் பாரம் நீங்கியதால் நிலம் இன்னமும் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஸ்டாக்ஹோம் பகுதியில் ஆண்டுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர், அதாவது நூறாண்டில் ஏறத்தாழ அரை மீட்டர். மோயாவில் நீரிலிருந்து சில அடி தள்ளிப் புல்தரையில் நிற்கும் ஒரு பழைய படகுக் கொட்டிலைப் பார்த்து, யாரோ இடம் தவறிக் கட்டிவிட்டார்கள் என்று முதலில் எண்ணினேன். கொட்டில் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. கடல்தான் விலகிப் போயிருக்கிறது. புதிய தீவுகள் நீரிலிருந்து தலை தூக்குவதும், இரண்டு தீவுகள் ஒன்றாவதும் இங்கே தலைமுறைகளின் கண்முன் நடக்கும் செயல்.

ஒருவர் பெயர்களைப் பற்றிக் கேட்டிருந்தார். முடிவில் ஓ என்று ஒலித்தால் பெரிய தீவு. ஹோல்மே என்றால் சிறு தீவு. ஷேர் என்றால் கடலில் நிற்கும் பாறைத் தீவு. கொப்பே என்றால் மரமற்ற வெறும் பாறைத் திட்டு. நம்மிடம் தீவு, திட்டு, மணல் தீடை என்று இருப்பதுபோல இவர்கள் பாறைக்குப் பெயர் பிரித்து வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்தாலே நிழல் கிடைக்குமா என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

2025 ஏப்ரல் 27

தென்பகுதி விரலைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்று ஒருவர் குறைபட்டார். உண்மைதான்; எனக்கு நடுப்பகுதி அதிகம் தெரியும் என்பதால் அதையே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். ஊட்டோ மட்டுமே தனி இழைக்கு உரியது.

ஊட்டோவின் இரும்புச் சுரங்கங்கள் சுவீடனின் மிகப் பழைய சுரங்கங்களில் அடங்கும். இடைக்காலத்தில் தொடங்கி 1879 வரை வேலை நடந்தது. இன்று அவை நீர் நிரம்பிய குழிகள். அவற்றில் ஆழமானது 200 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. வேலிக்கு இப்பால் நின்று அந்தக் கரிய நீரைப் பார்க்கும்போது அடியில் வேலை செய்தவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தத் தீவில் கிடைத்த பெட்டலைட் என்ற கனிமத்தை 1817இல் ஸ்டாக்ஹோமில், வேதியியலாளர் பெர்சேலியஸின் ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்த யோஹான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன் என்ற இளைஞர் கணக்கு சரியாக வராததைக் கண்டார். எல்லாக் கூறுகளையும் கூட்டினாலும் எடை குறைந்தது. அந்தக் குறைவுதான் லித்தியம். கிரேக்க மொழியில் கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். நம் கைப்பேசியின் மின்கலத்தில் இருக்கும் அந்தத் தனிமம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது இந்தத் தீவின் கல்லில்தான். 2024 இலையுதிர்காலத்தில் ஸ்டாக்ஹோமின் மெலாரென் ஏரித் தடத்தில் நீர்மேல் எழும்பி ஓடும் மின்கலப் படகு ஒன்று சேவைக்கு வந்தது. அதில் போனபோது நான் ஊட்டோவின் குழியை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. இந்தத் தீவுகளில் பழைய மரவீடுகளைத் தேடுபவர்கள் 1719க்கு முந்தியதை எளிதில் காண முடியாது. அந்தக் கோடையில் ரஷ்யப் படை துடுப்புக் கப்பல்களில் வந்து தீவுக்கூட்டத்தின் ஊர்களைத் தொடர்ந்து எரித்தது. ஊட்டோ, ஓர்னோ, மோயா, சாண்ட்ஹாம்ன் எல்லாம் எரிந்தன. மூன்று நூற்றாண்டு கழிந்தும் தீவுக்காரர்கள் எங்கள் வீடு தீக்குப் பிறகு கட்டியது என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எந்தத் தீ என்று யாரும் கேட்பதில்லை.

குளிர்ப்போர்க் காலத்தில் இந்தக் கடலின் பல பகுதிகள் ராணுவக் காப்புப் பகுதிகளாக இருந்தன. வெளிநாட்டவர் அங்கே இறங்கக் கூடாது. 1990களில்தான் அந்தத் தடை விலகியது. நான் சில பத்தாண்டுகள் முன்னால் வந்திருந்தால், இப்போது நீங்களும் நானும் தயக்கமின்றிப் பேசும் இந்தத் தீவுகள் சிலவற்றில் கால் வைத்திருக்க முடியாது.

2025 மே 18

பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை, சுருக்கமாக. புல்லில் உண்ணி உண்டு. அது மூளையழற்சி நோயைப் பரப்பும். ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டம் அந்த நோய் அதிகமுள்ள பகுதி. தடுப்பூசி ஒரே ஊசியில் முடிவதில்லை, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் போட வேண்டும். உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். ஒவ்வொரு மாலையும் குழந்தையின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் பாருங்கள்.

சுவீடனில் அல்லெமான்ஸ்ரெத்தென் என்ற பொது உரிமை உண்டு. 1994 முதல் அரசியல் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. பிறர் நிலத்திலும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம், வீட்டருகில் மட்டும் கூடாது. ஆனால் இயற்கைக் காப்பிடங்களில் விதிகள் கடுமை. கிரிண்டாவிலும் ஃபின்ஹாம்னிலும் கூடாரத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும். பாறைமேல் தீ மூட்டவே கூடாது. சூட்டில் பாறை பிளந்துவிடும், அந்த வடு பல்லாயிரம் ஆண்டு மறையாது.

தீவுக் கடைகள் சிறியவை, சீக்கிரம் மூடிவிடும். நாங்கள் முதல் நாளுக்குப் புளிச்சோறும் இரண்டாம் நாளுக்கு எள்ளுப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு போவோம். ஊட்டோவுக்குப் போனால் அங்கே சுடும் ஊட்டோ லிம்பா என்ற இனிப்புச் சுவையுள்ள கருநிற ரொட்டியை வாங்காமல் வராதீர்கள்.

நடப்பதில் விருப்பமுள்ளவருக்கு: 2024 அக்டோபரில் வடக்கே ஆர்ஹோல்மாவிலிருந்து தெற்கே லாண்ட்சோர்ட் வரை இருபதுக்கும் மேற்பட்ட தீவுகளின் வழியாகச் சுமார் 270 கிலோமீட்டர் நடைவழி ஒன்றை முறையாகத் திறந்திருக்கிறார்கள். முழுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டாம். நீங்கள் தேர்ந்த தீவில் அதன் பகுதி இருந்தால் அதில் ஒரு பகல் நடங்கள்.

2025 ஜூலை 27

கேள்வி கேட்டவர் பயணம் முடித்துத் திரும்பி எழுதியிருப்பதைப் படித்தேன். கிரிண்டாவில் இரண்டு இரவு, ஃபின்ஹாம்னில் இரண்டு இரவு. நீரிணையில் அவர்களுக்கு இரண்டு படகுகள் கிடைத்ததால் ஒரே தடவையில் கடந்துவிட்டார்கள். மகன் அதற்காக வருத்தப்பட்டு, மறுநாள் சும்மாவே போய் யாருக்காவது படகு இழுத்து உதவ முடியுமா என்று நின்றிருக்கிறான். வெண்வால் கழுகு ஒன்றை அவன் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். 1970களில் இங்கே அழியும் நிலைக்குப் போன பறவை அது. 1971இல் தொடங்கிய காப்புத் திட்டத்தாலும் நச்சு வேதிப்பொருள்கள் தடைசெய்யப்பட்டதாலும் மீண்டது.

ஒரு குறையும் எழுதியிருக்கிறார், அது என் ஆலோசனையின் குறை. மூன்றாம் நாள் முழுவதும் மழை. ஒரே தீவில் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்தது கடினமாக இருந்ததாம். ஒரு விரலைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிய நான், மழைக்கு என்ன செய்வது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்: இரவுகளில் ஒன்றையாவது கூரையுள்ள விடுதியில் முன்பதிவு செய்யுங்கள். ஃபின்ஹாம்னில் பெரிய மரவீட்டு விடுதி இருக்கிறது. கோடையில் விரைவில் நிரம்பிவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் மழை நாளைப் படகிலேயே கழிக்கலாம். கடைசித் துறைவரை போய், அதே படகில் திரும்பி வாருங்கள். உள்ளே கதகதப்பாக இருக்கும், பெரிய படகுகளில் காப்பி கிடைக்கும், கண்ணாடிக்கு வெளியே தீவுகள் ஒவ்வொன்றாக மழையிலிருந்து வெளிவந்து மறையும். என் பயணங்களில் சிறந்த மூன்றில் ஒன்று அப்படிப்பட்ட நாள். அதை ஏன் முன்பே எழுதவில்லை என்று வருந்துகிறேன்.

இங்கே படகில் ஊர்சுற்றுவதற்கு போட்லுஃபா என்று ஒரு சொல் உண்டு. நாடோடிபோலப் படகில் அலைவது என்று பொருள். நாடோடிக்கு மழையும் பயணத்தின் பகுதிதானே என்று அவருக்கு ஆறுதலாக எழுதத் தோன்றியது. ஆனால் 10 வயதுச் சிறுவனுடன் நனைந்த கூடாரத்தில் இருந்தவருக்கு அது பதிலாகாது.

2025 செப்டம்பர் 14

நேற்று, இந்த ஆண்டின் இலையுதிர்கால அட்டவணையில் முதல்முறையாக, ஸ்வார்ட்சோவுக்குப் போய் வந்தோம். கைவிளக்கு எடுத்துப் போயிருந்தேன், தேவைப்படவில்லை. துறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. தட்டை நிமிர்த்தினோம், படகு திரும்பி வந்தது.

பிப்ரவரிக் குறிப்பில் இன்னொன்றையும் விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏறுவதற்கு முன் தட்டை மறுபடி மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த படகு ஆளில்லாத துறைக்குத் திரும்பி வந்து நிற்கும். இந்தமுறை என் மகள்தான் மடக்கினாள்.